இருபத்தோரு வேண்டாம்

ஒன்பதாம் எண் மானிட்டர் நின்றுபோன செய்தி காலை பத்தரை மணிக்கு வந்தது. அண்ணி அப்போதுதான் டீக் கோப்பையை வாயருகே கொண்டுபோயிருந்தாள். குடிக்காமலே கீழே வைத்தாள்.

"அம்பத்தெட்டு மணி நேரம் ஓடியிருக்கு அண்ணி," என்றார் சோதனை அறையைப் பார்த்துக்கொள்பவர், கதவில் சாய்ந்தபடி. "இன்னும் பதினாலு மணி நேரம் தாக்குப்பிடிச்சிருந்தா முடிஞ்சிருக்கும்."

"எனக்கும் கழிக்கத் தெரியும்," என்றாள் அண்ணி. சொன்ன பிறகு, அவர் மேல் எரிந்து விழுந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. ஆனால் அவர் அதற்குள் போய்விட்டார்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். உண்மையில் அங்கே ஒரே ஒருத்திக்குத்தான் அண்ணி. கணவரின் தங்கை அதே கம்பெனியில் சர்க்யூட் போர்டு வடிவமைப்பவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாத்தனார் அறை அறையாக "அண்ணி எங்க, அண்ணியப் பாத்தீங்களா" என்று தேடிக்கொண்டு திரிந்ததில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பத்து வயது மூத்த மேனேஜர்கூட மீட்டிங்கில் "அண்ணி என்ன சொல்றாங்க?" என்றுதான் கேட்பார்.

கம்பெனி செய்வது மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் மானிட்டர்கள். இதயத் துடிப்பையும் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் கோடுகளாகக் காட்டும் பெட்டி. பத்து வருடமாக அது ஒரே வகை ப்ராசசரில் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தயாரித்தவர்கள் இனிமேல் செய்யப்போவதில்லை என்று ஒரு பக்கக் கடிதம் அனுப்பி முடித்துக்கொண்டார்கள். புதிதாகத் தேர்ந்தெடுத்த ப்ராசசர் முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. பழையதற்கென்று செய்த எதுவும் இதில் ஓடாது. புதிய போர்டை வரைவது நாத்தனாரின் வேலை. அந்தப் போர்டில் ஓடுகிற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் அடிப்பகுதியை, கெர்னலை, இந்த ப்ராசசருக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுப்பது அண்ணியின் வேலை.

கெர்னல் உலகத்தில் உள்ள எல்லா ப்ராசசருக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. நமக்கு எது தேவை என்று நாம்தான் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு மெனு உண்டு. திறந்தால் ஆயிரக்கணக்கான கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் வேண்டும், வேண்டாம் என்று பதில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஒரு கேள்விக்குத் தவறாகப் பதில் சொன்னால், எந்தக் கேள்விக்கு என்று அது சொல்லாது. முதல் வாரம் முழுக்க அண்ணியின் போர்டு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மின்சாரம் கொடுத்தால் பச்சை விளக்கு எரியும், திரை கறுப்பாகவே இருக்கும். உள்ளே உயிர் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாமல் ஐந்து நாள். கடைசியில் பார்த்தால், எழுத்துகளை வெளியே அனுப்பும் சீரியல் போர்ட்டுக்கான கேள்விக்கு அரை மனதாகப் பதில் சொல்லியிருந்தாள். கெர்னல் எழுந்து, ஓடி, எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. வாய்தான் கட்டப்பட்டிருந்தது.

அந்த வாரமே தேவலை என்று இப்போது தோன்றியது.

சோதனை அறையில் பன்னிரண்டு மானிட்டர்கள் இரும்பு அலமாரியில் வரிசையாக நின்றன. ஒரு கருவி பன்னிரண்டுக்கும் பொய்யான இதயத் துடிப்பை அனுப்பிக்கொண்டிருந்தது. எழுபத்திரண்டு மணி நேரம் ஒன்றுகூட நிற்காமல் ஓடினால்தான் சான்றிதழ் கொடுப்பவர்கள் வந்து பார்ப்பார்கள். எட்டு மானிட்டர்கள் எத்தனை நாளானாலும் ஓடின. நான்கு, ஆறு, ஒன்பது, பதினொன்று ஆகிய நான்கும் மாறி மாறி நின்றன. ஒரு முறை இருபது மணி நேரத்தில், ஒரு முறை ஐம்பதில்.

நின்றுபோனால் திரை அணையாது. பச்சைக் கோடு பாதி மேடேறிய இடத்தில் அப்படியே உறைந்திருக்கும். பக்கத்தில் துடிப்பு எழுபத்தெட்டு என்ற எண் நிம்மதியாகத் தெரியும். நின்றால் தானாக மறுபடி தொடங்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. காரணம் தெரியட்டும் என்று சோதனையில் அதை முடக்கி வைத்திருந்தார்கள். அண்ணி ஒன்பதாம் எண்ணின் முன்னால் போய் நின்றாள். தூரத்திலிருந்து எட்டிப் பார்க்கிற நர்ஸுக்கு இந்தத் திரை எப்படித் தெரியும் என்று நினைத்துப் பார்த்தாள்.

நாத்தனார் ஏற்கனவே அங்கே இருந்தாள். கையில் ஸ்க்ரூடிரைவர்.

"மறுபடியும் போர்டுதான்னு சொல்லப் போறீங்க," என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லல."

"முகத்துலயே எழுதியிருக்கே அண்ணி. பன்னெண்டு போர்டும் ஒரே வரைபடம், ஒரே ஃபேக்டரி. என்னோட டெஸ்ட் புரோகிராமை ஏத்தினா பன்னெண்டும் வாரக்கணக்குல ஓடுது. உங்க கெர்னலை ஏத்தினாத்தான் படுத்துக்குது."

"அதே கெர்னல்தான் மத்த எட்டுலயும் ஓடுது. கெர்னலுக்கு ஆள் பாத்து நடக்கத் தெரியாது பாப்பா."

ஆபீஸில் பாப்பா என்று கூப்பிடக்கூடாது என்பது ஏழு வருடமாக இருக்கும் ஒப்பந்தம். நாத்தனாருக்கு முப்பத்தாறு வயது. அவள் ஸ்க்ரூடிரைவரை மேசையில் வைத்தாள். சத்தம் வராமல் மெதுவாக வைத்ததுதான் அண்ணியை உறுத்தியது.

மூன்று வாரமாக இப்படித்தான். முதலில் மெமரி சிப்புகள் மேல் சந்தேகம் என்று அண்ணி எழுதிக் கொடுத்தாள். நாத்தனார் மைக்ரோஸ்கோப்பின் கீழ் குனிந்து நான்கு போர்டுகளிலும் மெமரியைப் பிரித்தெடுத்துப் புதிதாக ஒட்டினாள். ஆள்காட்டி விரலில் சூடு பட்டுக் கொப்புளம் வந்தது. நான்கும் முன்பு போலவே நின்றன. அடுத்து மின்சாரம் சீராக வரவில்லையோ என்று அண்ணி எழுதினாள். நாத்தனார் ஒரு வாரம் அலைகளை அளந்தாள், சில பாகங்களை மாற்றினாள். கல்லூரித் தோழிகளோடு கடற்கரை ஊருக்குப் போக ஆறு மாதமாகப் போட்டிருந்த திட்டத்தை ரத்து செய்தாள். நான்கும் நின்றன. அண்ணியும் சும்மா இருக்கவில்லை. ஏழெட்டுக் கெர்னல்களை உருவாக்கி, ஏற்றி, காத்திருந்து பார்த்துவிட்டாள். ஒவ்வொன்றையும் நல்லதா கெட்டதா என்று சொல்ல இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும். கோபப்படுவதற்குக்கூட ஒரு ஆள் கிடைக்காத வேலை அது.

வீடு இரண்டு மாடி. நாத்தனார் மேலே, அண்ணியும் கணவரும் கீழே. இரவுச் சாப்பாடு எப்போதும் கீழேதான், மூன்று பேரும் சேர்ந்து. இப்போது நாத்தனார் தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவர் படிக்கட்டையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்களேன்," என்றார்.

"அத உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க."

"அவகிட்டயும் சொன்னேன். அண்ணிகிட்ட சொல்லுன்னா. என்னைப் பந்தாடாதீங்க ரெண்டு பேரும்."

மறுநாள் மேனேஜர் அண்ணியைக் கூப்பிட்டார். சான்றிதழ்காரர்கள் இரண்டு முறை தேதி மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், மூன்றாவது முறை கேட்க முகமில்லை என்றார். "போர்டா கெர்னலா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க அண்ணி. பேப்பர்ல, ஆதாரத்தோட."

அண்ணிக்கு ஒருவிதத்தில் நிம்மதியாக இருந்தது. பேப்பரில் எழுதினால் தீர்ந்தது. இது போர்டின் கோளாறு என்று யாரும் மறுக்க முடியாதபடி நிறுவிவிடலாம். அன்று காலை முழுவதும் உட்கார்ந்து எழுதினாள். எந்தெந்த மானிட்டர் எத்தனை மணிக்கு நின்றது, எந்தெந்தக் கெர்னலில் நின்றது, எட்டு போர்டுகளில் ஒரு முறைகூட நிற்காதது ஏன். எழுதுகிற ஆத்திரத்தில் வாக்கியங்கள் கொஞ்சம் கூர்மையாகவே விழுந்தன. கடைசியில் இணைப்பாக வைக்க, பன்னிரண்டு மானிட்டர்களும் தொடங்கும்போது எழுதும் குறிப்புகளை அச்செடுத்தாள். எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். கெர்னல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுகிறது என்று காட்டத்தான் அது.

பன்னிரண்டு தாள்களையும் நீள மேசையில் பரப்பினாள். மதியச் சாப்பாட்டு நேரம், அறையில் யாரும் இல்லை. ஒவ்வொரு வரியாக விரல் வைத்து ஒப்பிட்டாள். ஆதாரம் என்று வந்தபின் அசட்டையாக இருக்க முடியாது.

முதல் வரியிலேயே விரல் நின்றது.

கெர்னல் எழுந்ததும் முதலில் எழுதும் வரி, தான் எந்த ப்ராசசரில் எழுந்தேன் என்பதுதான். அதில் ப்ராசசரின் அடையாள எண் பத்து எழுத்துகளில் இருக்கும். கடந்த நான்கு மாதத்தில் அந்த வரி அவள் கண்முன் ஆயிரம் முறையாவது ஓடியிருக்கும். வீட்டுக் கதவின் எண்ணைப் போல அதை யாரும் படிப்பதில்லை. எட்டுத் தாள்களில் அந்த எண் நான்கு என்ற இலக்கத்தில் முடிந்தது. மற்ற நான்கு தாள்களில் இரண்டு என்ற இலக்கத்தில் முடிந்தது.

நான்கு, ஆறு, ஒன்பது, பதினொன்று.

கடைசி இலக்கம் என்ன என்பது அவளுக்குத் தெரியும். ரிவிஷன். ஒரே ப்ராசசரைத் தயாரிப்பாளர்கள் குறைகளைச் சரிசெய்து சரிசெய்து புதிதாக வார்ப்பார்கள். நான்கு என்றால் நான்காவது திருத்தம். இரண்டு என்றால் அதற்கு முந்தைய சரக்கு.

உடனே எழுந்தது சந்தோஷம். போர்டில் பழைய சிப். ஆதாரம் கைக்கு வந்துவிட்டது. அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அவளுக்கு மெனு நினைவுக்கு வந்துவிட்டது.

முதல் மாதம். எட்டு நொடிக்குள் மானிட்டர் தொடங்க வேண்டும், கெர்னல் சின்னதாக இருக்க வேண்டும் என்று மேனேஜர் நச்சரித்துக்கொண்டிருந்தார். மெனுவில் ஒரு பகுதி முழுக்க இந்தக் குடும்பத்து ப்ராசசர்களின் பிறவிக் குறைகளுக்கானது. இந்த ரிவிஷனில் இந்தக் குறை உண்டு, அதைச் சமாளிக்கும் வழியைச் சேர்க்கட்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். சொல்லாமல் விட்டால் எல்லாமே வேண்டும் என்றுதான் இருக்கும். அண்ணி சிப்பின் கையேட்டைப் பார்த்தாள். நம்முடையது நான்காவது ரிவிஷன், இவை எல்லாம் சரிசெய்யப்பட்டவை. இல்லாத வியாதிக்கு எதற்கு மருந்து என்று வரிசையாக வேண்டாம், வேண்டாம் என்று தட்டிக்கொண்டே போனாள். இருபத்தோரு வேண்டாம்.

குறைகளின் பட்டியலை இப்போது கணினியில் திறந்தாள். இரண்டாவது ரிவிஷன் வரைக்கும் இருக்கும் குறை என்று ஒன்று இருந்தது. கேச் என்னும் சின்ன நினைவகத்தில் இருப்பதைப் பெரிய நினைவகத்துக்கு எழுதி அனுப்பும்போது, அபூர்வமான ஒரு வரிசையில் மட்டும், எழுதியது கெட்டுப்போகலாம். அபூர்வமான. அவள் அந்த வார்த்தையை இரண்டு முறை படித்தாள். நாத்தனாரின் டெஸ்ட் புரோகிராம் கேச்சையே பயன்படுத்துவதில்லை. அதனால்தான் அது வாரக்கணக்கில் ஓடியிருக்கிறது.

கீழே இன்னொரு குறிப்பும் இருந்தது. இந்தச் சமாளிப்பைச் சேர்த்தாலும் கெர்னல் எழும்போது ரிவிஷனைப் பார்த்து, குறை உள்ள சிப்பில் மட்டும்தான் அதைப் பயன்படுத்தும். நல்ல சிப்பில் எந்த நஷ்டமும் இல்லை. கெர்னலுக்கு ஆள் பார்த்து நடக்க நன்றாகவே தெரிந்திருந்தது. இருபத்தொன்றையும் நீக்கியதில் எவ்வளவு இடம் மிச்சமானது என்று கணக்கிட்டுப் பார்த்தாள். இருபது கிலோபைட்கூட இல்லை. ஒரு சின்னப் படத்தின் அளவு.

அண்ணி எழுதிவைத்த அறிக்கை திரையில் இன்னொரு பக்கம் திறந்தே இருந்தது. 'போர்டுகளின் தரக் குறைபாடே காரணம் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகிறது' என்று முடிந்திருந்தது. அதை மூடினாள்.

முதலில் உறுதி செய்ய வேண்டும். கேச்சை ஓயாமல் எழுதி அனுப்பவைக்கும் ஒரு சின்ன புரோகிராமை எழுதி ஒன்பதாம் எண்ணில் ஓடவிட்டாள். ஆறு நிமிடத்தில் நின்றது. மூன்று வாரமாக இரண்டு நாள், மூன்று நாள் என்று காத்திருந்ததை நினைத்துப் பல்லைக் கடித்தாள். பிறகு அந்த இருபத்தொன்றுக்கும் வேண்டும் என்று கொடுத்துப் புதுக் கெர்னல் செய்து ஏற்றினாள். பத்து நிமிடம் ஓடியது. அரை மணி ஓடியது. நான்கு மணிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கெர்னல் நிற்காமல் ஓடியதற்காக அவள் வாழ்க்கையில் முதல்முறையாக எரிச்சல்பட்டாள்.

நாத்தனாரின் அறைக்குப் போகிற வழியில் பர்ச்சேஸ் பார்க்கும் ஆளிடம் கேட்டாள். அவர் ஃபைலைப் புரட்டினார்.

"ஆமா அண்ணி, எட்டுதான் ஒரு இடத்துல கிடைச்சுது. பாக்கி நாலு வேற டீலர்கிட்ட எடுத்தோம். ரெண்டும் ஒரே சிப்தானே? பேர் ஒண்ணு, நம்பர் ஒண்ணு. கடைசியில ஒரு எழுத்துதான் மாறியிருக்கு."

"அந்த ஒரு எழுத்தை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொல்லணுமா?" என்றார் அவர், உண்மையாகவே தெரியாமல்.

அந்த எழுத்து சிப்பின் முதுகில் அச்சிட்டிருக்கும். அதன்மேல் சூடு இறங்குவதற்கான அலுமினியத் துண்டை ஃபேக்டரியிலேயே ஒட்டிவிடுகிறார்கள். மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்த்தாலும் நாத்தனாரின் கண்ணில் பட வழியே இல்லை.

நாத்தனார் தன் அறையில் பதினொன்றாம் எண் போர்டைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்திருந்தாள். விரலில் இன்னும் பிளாஸ்திரி. அண்ணி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அத மூடி வெச்சிடு. போர்டுல ஒண்ணுமில்ல."

நாத்தனார் நிமிரவில்லை. "அப்புறம்?"

அண்ணி சொன்னாள். ரிவிஷன், டீலர், மெனு, இருபத்தொன்று. எதையும் விடாமல் சொன்னாள். பர்ச்சேஸ்காரரை எந்த இடத்தில் சொன்னால் தன் பங்கு சின்னதாகத் தெரியும் என்று மனம் கணக்குப் போட்டதையும் கவனித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நாத்தனார் கேட்டாள்: "அத நிறுத்தினது என்னிக்கு?"

"முதல் மாசம்."

"நிறுத்தினேன்னு எங்கயாவது எழுதி வெச்சீங்களா?"

"இல்ல."

"நான் ஒரு ரெசிஸ்டரை மாத்தினாக்கூட மூணு பேருக்கு மெயில் போடணும். நீங்க இருபத்தொண்ணைத் தூக்கிட்டு யார்கிட்டயும் மூச்சு விடல." அவள் குரல் உயரவே இல்லை. "மெமரியைப் பிரிச்சு ஒட்டச் சொன்னீங்க. ஒட்டினேன். பவரைப் பாருன்னீங்க. பாத்தேன். என் வேலையிலதான் தப்புன்னு ஒரு கட்டத்துல நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன் அண்ணி. தூக்கம் வரல. அது உங்களுக்குத் தெரியுமா?"

அண்ணிக்குத் தெரியாது. மாடியில் விளக்கு எரிவதைப் பார்த்திருக்கிறாள். பிடிவாதத்தில் வேலை செய்கிறாள் என்று நினைத்தாள்.

"தப்பு என்னோடதுதான்," என்றாள்.

"சரி," என்றாள் நாத்தனார். மன்னிப்பதைப் போலவும் இல்லை, சண்டை போடுவதைப் போலவும் இல்லை. போர்டை எடுத்து உறைக்குள் போட்டாள்.

மேனேஜருக்கு விஷயம் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ பர்ச்சேஸ்ல விட்ட கோட்டை. அப்படியே எழுதிடலாம். சிம்பிள்."

"அப்படி எழுத முடியாது," என்றாள் அண்ணி. "பழைய சிப் வந்தாலும் கெர்னல் தானே சமாளிச்சிருக்கும். அத எடுத்துவிட்டது நான்."

"அண்ணி, பேப்பர்ல ஒரு காரணம் இருந்தாப் போதும்."

"இருக்கே. அதான் சொல்றேன்."

அவர் பெருமூச்சு விட்டார். சான்றிதழ்காரர்களிடம் மூத்த எஞ்சினியர் தவறு செய்தார் என்று எழுதுவது அவருக்கு விருப்பமில்லை. அண்ணி அவர் விருப்பத்துக்குக் காத்திருக்காமல் ஒரு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, நாத்தனாருக்கும் ஒரு நகல் அனுப்பிவிட்டாள். மூன்று வாரம் போர்டு பிரிவு செய்த சோதனைகள் அனைத்தும் சரியானவை, தேவையற்றவை, தன் அறிவுறுத்தலின் பேரில் செய்யப்பட்டவை என்று அதில் ஒரு பத்தி இருந்தது.

சோதனை மறுபடி தொடங்கியது. நாற்பத்தொன்றாவது மணி நேரத்தில் பன்னிரண்டும் ஒரே சமயத்தில் அணைந்தன. அண்ணி மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஓடினாள். தரையைத் துடைக்க வந்தவர் வாளியை வைக்க இடமில்லை என்று ஒரு பிளக்கைப் பிடுங்கியிருந்தார். "எல்லாம் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, கெட்டுப்போன மாதிரி தெரியலையே," என்றார் அவர் சமாதானமாக. பூஜ்ஜியத்திலிருந்து மீண்டும் எழுபத்திரண்டு. அண்ணிக்கு யாரையும் திட்டக்கூடத் தெம்பில்லை. பிளக்கின் மேல் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் ஒரு நாற்காலியையும் வைத்தாள்.

இந்த முறை பன்னிரண்டும் ஓடி முடித்தன. சான்றிதழ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அண்ணியின் அந்த ஒரு பக்கத்தை நிதானமாகப் படித்தார்கள், மூன்று கேள்வி கேட்டார்கள், இனி வாங்கும் சிப்பின் ரிவிஷனைப் பதிவுசெய்ய வேண்டும் என்று ஒரு நிபந்தனை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மேனேஜர் எல்லோருக்கும் கேக் வாங்கிவந்தார். நாத்தனார் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

வீட்டில் இன்னும் தட்டு மாடிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. கணவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் நாத்தனார் அண்ணியின் அறைக்கு வந்தாள். கையில் ஒரு தடித்த நோட்டு. உட்காரச் சொல்லும் முன்பே உட்கார்ந்தாள்.

"அடுத்த மாடலுக்கும் இதே ப்ராசசர்தான்," என்றாள். "மெனுவைத் திறங்க."

"எதுக்கு?"

"ஒவ்வொரு கேள்வியா நான் படிக்கிறேன். வேண்டாம்னு சொன்னா ஏன்னு காரணம் சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

"அதுல எத்தனை ஆயிரம் இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கு இன்னிக்கு வேற வேலை இல்ல அண்ணி. லீவு எடுத்துக் கடற்கரைக்குப் போலாம்னா, அவங்கள்லாம் போயிட்டு வந்துட்டாங்க."

அண்ணி மெனுவைத் திறந்தாள். நாத்தனார் முதல் கேள்வியைப் படித்தாள். அண்ணி வேண்டும் என்றாள். இரண்டாவதற்கும் வேண்டும். மூன்றாவதற்கு வேண்டாம் என்றாள், காரணம் சொன்னாள். அது காரணமே இல்லை என்றாள் நாத்தனார். அதன்மேல் அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. சாப்பாட்டு மணி அடித்தபோது அவர்கள் பதினேழாவது கேள்வியில் இருந்தார்கள்.